வந்து வந்து போற ஒயரிங் கோளாறுக்கு ஒரு மல்டிமீட்டர்: பழைய பிக்கப்புல மாட்டி ஓட்டிப் பார்த்த ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், இந்த மீட்டரோட பிராண்ட் பேரை நான் போடல. ஏன்னா இதே டப்பா, இதே டயல், இதே மெனுவோட நாலஞ்சு பேர்ல வருது, மேல ஒட்டுற ஸ்டிக்கரும் ரப்பர் உறையோட கலரும்தான் மாறுது. அதனால பேரை விடுங்க, என்னென்ன இருக்குன்னு பாருங்க: 6000 கவுண்ட் (ஸ்க்ரீன்ல 6000 படி வரைக்கும் எண் காட்டும்), ட்ரூ ஆர்எம்எஸ் (ஒழுங்கில்லாத ஏசியையும் சரியா அளக்கும்), டிசி வோல்ட்ல 10 மெகா ஓம் இன்புட் (அளக்குற இடத்துல இருந்து கரண்டை அநேகமா இழுக்காது), 10 ஆம்பியர் வரைக்கும் கரண்ட் பாக்கலாம், ரேஞ்சை நாமளே லாக் பண்ணிக்கலாம், அப்புறம் மினிமம் மேக்ஸிமம் ரெக்கார்டிங், அதுவும் புதுசா ஒரு கம்மி அளவோ கூடுன அளவோ மாட்டினா உடனே பீப் அடிக்கிற டைப். கடைசியா சொன்ன இதுக்காகத்தான் நான் வாங்கினேன், ரிவ்யூவும் அதைப் பத்திதான். மத்த வசதியெல்லாம் இப்போ நிறைய மீட்டர்ல இருக்கு.

வண்டி பழைய டீசல் பிக்கப். கம்ப்யூட்டர் கிடையாது, பம்ப் மெக்கானிக்கல், கரண்ட் இல்லன்னா டீசலை அடைக்கிற ஸ்டாப் சொலினாய்ட் ஒண்ணு மட்டும் உண்டு. கோளாறு என்னன்னா ஒரு நாள் எல்லாம் ஒழுங்கா இருக்கும், மறுநாள் ஹெட்லைட் போட்டா டெம்பரேச்சர் முள்ளு ஏறும், அணைச்சா இறங்கும். பிரேக் அடிச்சா டேஷ்போர்டு விளக்கு மங்கும். மேடு பள்ளத்துல ஏறி இறங்குறப்போ சில நேரம் இஞ்சினே ஒரு செகண்ட் செத்து திரும்ப பிடிச்சுக்கும், அந்த நேரத்துல பின்னாடி லோடு இருந்தா வயித்தைக் கலக்கும். ஒர்க்‌ஷாப் வாசல்ல கொண்டு போய் நிறுத்தினா மட்டும் அவ்வளவு சமத்தா நிக்கும், எந்த ஸ்விட்ச்சைத் தட்டினாலும் எல்லாம் எரியும். ஒருத்தர் பேட்டரின்னார், ஒருத்தர் டைனமோன்னார், இன்னொருத்தர் சாவி ஸ்விட்ச்சுதான்னு சத்தியமே பண்ணினார். பேட்டரியும் மாத்தியாச்சு, டைனமோவும் கழட்டி மாட்டியாச்சு, கோளாறு அப்படியே இருந்துச்சு.

சாதா மீட்டரை வச்சு இந்த மாதிரி கேஸைப் பிடிக்க முடியாது, காரணம் ரொம்ப சிம்பிள். கோளாறு நடக்குற அந்த அரை செகண்ட்ல நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு ரோட்டைப் பாத்துட்டு இருப்பீங்க, மீட்டரைப் பாக்க மாட்டீங்க. வண்டியை ஓரமா நிறுத்தி பேனட்டைத் தூக்கிட்டு பார்த்தா 12.6 வோல்ட் அழகா காட்டும், இஞ்சின் ஓடுறப்போ 14 காட்டும், எல்லாம் சரின்னு சொல்லும். அது பொய் சொல்லல, அந்த நேரத்துல எல்லாம் சரியாதான் இருக்கு. நமக்குத் தேவை நாம பாக்காதப்போ என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கிற ஒண்ணு. அந்த ஒரு பட்டன் இருக்குற மீட்டருக்கும் இல்லாத மீட்டருக்கும் பழைய வண்டி விஷயத்துல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எப்படி யூஸ் பண்றதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா கூட வந்த மேனுவல்ல இந்த பட்டனுக்கு மொத்தமே மூணு வரிதான் இருக்கு.

டயலை டிசி வோல்ட்ல வைங்க, ரேஞ்ச் பட்டனை அமுக்கி 60 வோல்ட் ரேஞ்சுல லாக் பண்ணுங்க. ஆட்டோ ரேஞ்சுல விட்டா வோல்ட் சடார்னு விழுறப்போ மீட்டர் எந்த ரேஞ்சுன்னு தேடிட்டு இருக்கும், அதுக்குள்ள கோளாறு வந்துட்டு போயிடும். அதுக்கப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, ஸ்டார்ட் ஆன பிறகுதான் மினிமம் மேக்ஸிமம் பட்டனை அமுக்கணும். இந்த வரிசை முக்கியம். செல்ஃப் அடிக்கிறப்போ நல்ல பேட்டரியே 10 வோல்ட் பக்கம் இறங்கும், முன்னாடியே ரெக்கார்டிங் ஆன் பண்ணியிருந்தா அந்த 10 தான் மினிமம்னு பதிஞ்சு உக்காந்துக்கும், ரோட்டுல 11க்கு விழுந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே மாதிரி சாவியை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஹோல்டு அமுக்கிடுங்க, இல்லன்னா மினிமம் பூஜ்யம்னு காட்டிட்டு நிக்கும். எத்தனை மணிக்கு அந்த மினிமம் வந்துச்சுன்னு இந்த மீட்டர் சொல்லாது, பெரிய குறைதான், ஆனா பீப் சத்தம் அதை கொஞ்சம் சரிகட்டுது. பள்ளத்துல இறங்கினப்போ பீப் அடிச்சா பள்ளம்தான் காரணம், பிரேக்கை மிதிச்சப்போ அடிச்சா பிரேக்.

மீட்டர் சீட்டுல, வயர் எங்க? மீட்டரோட வர்ற லீட் ஒரு மீட்டர் நீளம் இருந்தாலே பெருசு. சாதாரண மெல்லிசு வயரை நீளமா வாங்கி, ஒரு முனைல முதலை கிளிப், இன்னொரு முனைல மீட்டருக்கான பின் போட்டு நானே செஞ்சுக்கிட்டேன். வயர் நீளமா இருந்தா ரீடிங் தப்பா வராதான்னு கேப்பீங்க, வராது. 10 மெகா ஓம் இன்புட்ல 14 வோல்ட்டுக்கு மீட்டர் இழுக்குறது 1.4 மைக்ரோ ஆம்பியர்தான், அந்த கரண்ட்டுக்கு நீள வயர்ல வோல்ட் குறையுறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா சிவப்பு கிளிப்புக்கு பக்கத்துலயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு போட்டே ஆகணும். பேனட்டுல இருந்து ஜன்னல் வழியா வயரை இழுத்துட்டு ஓட்டுறோம், எங்கயாவது தகரத்துல உரசி தோல் போச்சுன்னா பேட்டரி நேரா ஷார்ட் ஆகி வயர் பத்திக்கும். இதுல சோம்பேறித்தனம் வேண்டாம்.

சரி, பிடிச்ச கோளாறுக்கு வரேன். மொதல் சந்தேகம் எர்த் மேல. பிக்கப்புல இதை மொதல்ல பாக்குறதுக்கு காரணம் இருக்கு: கேபின் தனியா ரப்பர் மவுன்ட்ல உக்காந்திருக்கு, இஞ்சின் தனியா ரப்பர் மவுன்ட்ல, பின்னாடி லோடு பாடி தனியா போல்ட்டுல. எல்லாம் ஒரே இரும்புன்னு கண்ணுக்குத் தெரியும், ஆனா கரண்ட் பேட்டரி மைனஸுக்கு திரும்பி வரணும்னா அந்த ரெண்டு மூணு எர்த் பட்டை வழியாதான் வந்தாகணும். பழைய வண்டில அந்தப் பட்டை ஒரிஜினலா மாட்டினதோட சரி, அப்புறம் யாரும் கையே வைக்கிறதில்ல.

கருப்பு கிளிப்பை பேட்டரி மைனஸ் கட்டைலயே மாட்டினேன், கிளாம்ப் மேல இல்ல, கட்டை மேல. சிவப்பு கிளிப் கேபினோட ஃபயர்வால்ல (இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகரச் சுவர்) பெயின்ட் சுரண்டின ஒரு போல்ட்ல. ஹெட்லைட், ப்ளோயர், வைப்பர் எல்லாத்தையும் ஓட விட்டேன். ரெண்டு பக்கமும் எர்த்து, அதனால பூஜ்யத்துக்கு பக்கத்துல இருக்கணும். 0.1ல இருந்து 0.2 வோல்ட் வரைக்கும் ஏத்துக்கலாம், அதுக்கு மேல போனா வழில எங்கயோ அடைப்பு. நின்ன இடத்துல 0.09 காட்டுச்சு, பாஸ். இதோட நிறுத்தியிருந்தா எர்த் சூப்பர்னு போயிருக்கும். மோசமான ரோட்டுல ஒரு ரவுண்டு போனேன், பீப் பீப்னு கத்துச்சு, திரும்பி வந்து பார்த்தா மேக்ஸிமம் 2.14. அதாவது குலுங்குறப்போ எல்லாம் கேபின்ல இருக்குற விளக்கு, மீட்டர், ப்ளோயர் எல்லாத்துக்கும் ரெண்டு வோல்ட்டுக்கு மேல காணாமப் போயிருக்கு.

பேனட்டுக்குள்ள டார்ச் அடிச்சு தேடினா இஞ்சினுக்குப் பின்னாடி, ஃபயர்வாலுக்குப் போற பின்னல் பட்டை. மேல இருந்து பார்த்தா நல்லாதான் தொங்கிட்டு இருந்துச்சு. கழட்டி கைல எடுத்தா மடிப்பு விழுந்த இடத்துல முக்கால்வாசி இழை அறுந்து, மிச்சம் இருந்ததுல களிம்பு ஏறி பச்சையா உதிருது. போல்ட் உக்கார்ற இடத்துல துருவும் பழைய பெயின்ட்டும் சேர்ந்து ஒரு தட்டு. எமரி ஷீட் போட்டு வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, புதுப் பட்டை, ஸ்டார் வாஷர், டைட் பண்ணின பிறகு மேல கிரீஸ். அதே ரோடு, அதே டெஸ்ட், மேக்ஸிமம் 0.06. டெம்பரேச்சர் முள்ளு ஆடுறது அன்னைக்கே நின்னுச்சு.

ஒரு சைடு விஷயம்: கேபின் எர்த் இப்படி போயிடுச்சுன்னா கரண்ட் சும்மா இருக்காது, இரும்பா எது கிடைச்சாலும் அது வழியா திரும்பப் பாக்கும், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் எதுவா இருந்தாலும். எல்லா லைட்டையும் போட்டுட்டு இந்த கேபிளைத் தொட்டுப் பார்த்து சூடா இருந்தா மீட்டரே வேண்டாம், பட்டையை மாத்துங்க.

மீட்டரை ஓம்ஸ்ல, அதாவது தடை அளக்குற மோடுல வச்சு பார்த்திருந்தா இது தெரிஞ்சிருக்குமான்னு சிலர் கேப்பாங்க. தெரியாது. மீட்டர் லீடுக்கே 0.2 ஓம் வரும், நமக்கு வேண்டிய அளவு அதை விட சின்னது. ரெண்டு 55 வாட் ஹெட்லைட் சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கும், வழில வெறும் 0.1 ஓம் இருந்தாலே 0.9 வோல்ட் போச்சு, அந்த ஜாயின்ட் 8 வாட் சூட்டுல வெந்துட்டு இருக்கும். ஹாலஜன் பல்புல 10 சதவீதம் வோல்ட் குறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் பக்கம் குறைஞ்சுடும், அதான் பழைய வண்டில பல்பை எத்தனை தடவை மாத்தினாலும் மங்கலாவே இருக்கு. தடிமனான கேபிள்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் ஓம்ஸ்ல நல்ல கேபிள்னுதான் காட்டும். கரண்ட் ஓடுறப்போ ரெண்டு முனைக்கும் நடுவுல எவ்வளவு வோல்ட் விழுதுன்னு பாக்குறதுதான் ஒரே வழி. செல்ஃப் கேபிளுக்கு மட்டும் செல்ஃப் அடிக்கிறப்போ 0.5 வரைக்கும் விடலாம்.

அடுத்தது இஞ்சின் சாகுற கோளாறு. இது எர்த்தோட சேர்ந்து சரியாகலங்குறதுதான் இதுல கொடுமை, பழைய வண்டில ஒரே நேரத்துல ரெண்டு கோளாறு சேர்ந்து உக்காந்திருக்கும், ஒண்ணை சரி பண்ணினதும் முடிஞ்சுதுன்னு நினைச்சுடுவோம். சொலினாய்ட் வயரோட கப்ளர்ல (வயரை இணைக்கிற பிளக்) பின்பக்கமா மெல்லிசு பின்னை சொருகி அதுல சிவப்பு கிளிப், கருப்பு எப்பவும் போல பேட்டரி மைனஸ். கப்ளரோட முன்பக்கம் மீட்டர் முனையை விட்டு குத்தாதீங்க, பெண் டெர்மினல் விரிஞ்சு போய் இல்லாத லூஸ் கான்டாக்ட்டை நாமளே உண்டாக்கி வைப்போம். வயர் தோலைக் குத்தியும் பாக்காதீங்க, அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கி கொஞ்ச நாள்ல உள்ள பச்சை பூத்துடும்.

ஓடுறப்போ 14 வோல்ட்டு. இஞ்சின் செத்து பிடிச்சுது, பீப், மினிமம் 3.8. ஆக சொலினாய்ட் மேல தப்பு இல்ல, அதுக்கு கரண்டே வரல. அங்க இருந்து பின்னாடி பின்னாடி போறதுதான் வேலை. சாவி ஸ்விட்ச்சோட அவுட்புட்ல மாட்டினேன், அதுவும் விழுந்துச்சு. அப்போ ஸ்விட்ச்தான்னு எல்லாரும் கை தூக்கியிருப்பாங்க, புது ஸ்விட்ச் வாங்கி மாட்டியும் இருப்பாங்க. இன்புட் வயர்ல மாட்டிப் பார்த்தா அதுவும் விழுது! ஸ்விட்ச்சுக்கு உள்ள வர்ற கரண்டே அறுந்து அறுந்துதான் வருது. ஸ்விட்ச் தப்பிச்சுது.

அதுக்கும் பின்னாடி இருக்குறது பேட்டரி பிளஸ்ல இருந்து கிளம்புற ஃப்யூசிபிள் லிங்க். ஃபியூஸ் பாக்ஸுக்கு முன்னாடி மெயின் லைனுக்கு காவலா வைக்கிற துண்டு வயர் இது, அது காக்குற வயரை விட நாலு கேஜ் மெல்லிசா இருக்கும், மேல எரியாத தோல். லிங்க்கோட ரெண்டு முனைலயும் மீட்டரை மாட்டிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுட்டு கையால லேசா ஆட்டினேன். ரெண்டு கையும் பேனட்டுக்குள்ள, மீட்டர் எங்கயோ ஃபெண்டர் மேல, ஸ்க்ரீன் தெரியக்கூட இல்ல, ஆனா ஒரு குறிப்பிட்ட இடத்துல வளைச்சா பீப். திரும்ப அந்த இடம், திரும்ப பீப். இந்த சத்தத்துக்குத்தான் காசு குடுத்தேன்னு தோணுச்சு. கடைசியா அதை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா ரப்பர் பேண்ட் மாதிரி நீளுது. நல்ல வயர் நீளாது, உள்ள தாமிரம் விறைப்பா நிக்கும். நீளுதுன்னா உள்ள ஒண்ணும் இல்ல, தோல் மட்டும்தான் வயரைப் பிடிச்சுட்டு இருக்கு. வெட்டிப் பார்த்தா கறுப்பு தூளும் நாலஞ்சு இழையும். அதே ரேட்டிங்ல புது லிங்க் போட்டாச்சு. இந்த இடத்துல சாதா வயரைப் போட்டு ஜாயின்ட் அடிக்கிறவங்களை நிறைய பார்த்திருக்கேன், தயவு செஞ்சு வேண்டாம், அப்புறம் ஷார்ட் ஆனா எரியுறது லிங்க் இல்ல, மொத்த ஹார்னஸ், அதாவது வண்டியோட முழு வயர் கட்டு.

இப்போ மீட்டர் எங்க ஏமாத்தும்னு சொல்றேன், ரிவ்யூன்னா அதையும் சொல்லணும்ல. பின்னாடி இடது பக்க டெயில் லைட் ஹோல்டர்ல பல்பைக் கழட்டிட்டு மீட்டரை வச்சா 12.3 வோல்ட், பல்பைப் போட்டா மினுக்குன்னு எரியுது. 10 மெகா ஓம் மீட்டருக்கு ஒரு இழை இருந்தாலே போதும், ஈரமான களிம்பு வழியா கசியுற கரண்ட் கூட போதும், முழு வோல்ட்டும் காட்டிடும். பல்பு கேக்குறது ஆம்பியர் கணக்குல. இந்த மாடல்லயே கொஞ்சம் பெரிய வெர்ஷன்ல லோ இம்பீடன்ஸ் மோடு (மீட்டரோட உள் தடையைக் குறைக்கிறது) குடுக்குறாங்க, பொய் வோல்ட்டைக் காட்டாதுன்னு விளம்பரம். அது வீட்டு ஒயரிங்குக்கு சரி. பொதுவா அந்த மோடு 3 கிலோ ஓம் பக்கம் இருக்கும், 12 வோல்ட்டுல இழுக்குறது 4 மில்லி ஆம்பியர்தான், வண்டிக்கு இதெல்லாம் ஒரு லோடே கிடையாது. அதனால அதுக்காக கூட காசு குடுக்காதீங்க. பழைய இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு, 21 வாட், ஹோல்டரோட ரெண்டு வயர், ரெண்டு கிளிப். 1.75 ஆம்பியர் இழுக்கும். இதை மாட்டிட்டு அதே இடத்துல மீட்டரை வைங்க, அப்போ காட்டுறதுதான் உண்மை. என் வண்டில 12.3 இருந்த இடம் பல்பு மாட்டினதும் 2 வோல்ட்டுக்கு வந்துடுச்சு. லோடு பாடிக்கு அடியில டேப் சுத்தின ஒரு ஜாயின்ட், முன்னாடி யாரோ டிரெய்லர் பிளக்குக்காக கடிச்சு மாட்டின கிளிப் கனெக்டர், அதுக்குள்ள தண்ணி. பழைய பிக்கப்புல டிரெய்லர் பிளக், ஃபாக் லைட், ஆடியோ, இப்படி யாராவது வெளில இருந்து கை வச்ச இடத்தை மொதல்ல தேடுங்க, கம்பெனி ஒயரிங்கை விட அங்கதான் பாதி கேஸ் இருக்கும். ஆனா இந்த பல்பை இசியு (வண்டியோட கம்ப்யூட்டர்) வயர்லயோ ஏர்பேக் வயர்லயோ மாட்டிடாதீங்க, மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர் பக்கமே போகாதீங்க. என் வண்டில ரெண்டும் இல்ல, அதனால தைரியமா மாட்டினேன்.

பேட்டரி ராத்திரில இறங்குற கேஸுக்கு இந்த மீட்டர் சுமார்தான். 10 ஆம்பியர் சாக்கெட்டுல போட்டு மைனஸ் கேபிளுக்கு நடுவுல மாட்டி பாக்கலாம், 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா பிரச்சினை இல்ல, அரை ஆம்பியர் போனா ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர், 60 ஏஹெச் பேட்டரி அஞ்சு நாள்ல காலி. ஆனா மீட்டர் மாட்டியிருக்குறப்போ யாராவது மறந்து சாவியைத் திருப்பிட்டா உள்ள இருக்குற ஃபியூஸ் போயிடும், மாத்த பின் மூடியையே திறக்கணும். லீடை கரண்ட் சாக்கெட்டுல விட்டுட்டு வோல்ட் பாக்கப் போனாலும் அதே கதி, தப்பு சாக்கெட்டுன்னா இது கத்தும், அதுக்கு ஒரு ப்ளஸ். ஃபியூஸைக் கழட்டாம பிளேடு ஃபியூஸ் தலைல இருக்குற ரெண்டு புள்ளில மில்லி வோல்ட் பாக்குற ட்ரிக்கும் உண்டு. 10 ஆம்பியர் ஃபியூஸ் சுமார் 7, 8 மில்லி ஓம், 50 மில்லி ஆம்பியர் போனா 0.4 மில்லி வோல்ட் வரும், இந்த மீட்டர் 0.1 வரைக்கும் காட்டுறதால தெரியும். பெரிய 30 ஆம்பியர் ஃபியூஸ்ல தெரியாது. ராத்திரி முழுக்க எப்பவாவது மட்டும் இழுக்குற கேஸுக்கு வயரைக் கவ்விப் பிடிச்சு கரண்ட் அளக்குற டிசி கிளாம்ப் மீட்டர்தான் சரி, அதுலயும் 0.1 ஆம்பியருக்குக் கீழ காட்டாத கிளாம்ப்பை வாங்கி ஏமாறாதீங்க, 10 மில்லி ஆம்பியராவது காட்டணும்.

டைனமோவுக்குள்ள ஏசியை டிசியா மாத்துற டயோடு மேல இருந்த சந்தேகத்துக்கு ஏசி வோல்ட்ல வச்சு இஞ்சின் ஓடுறப்போ பேட்டரி மேல பார்த்தேன், 0.5 வோல்ட்டுக்கு மேல போனா டயோடு கெட்டுருக்குன்னு அர்த்தம், எனக்கு 0.03. ஆக டைனமோவைக் கழட்டி மாட்டினது வீண் வேலை. டைனமோன்னு சொன்ன ஆளுகிட்ட ஒரு மீட்டர் இல்லாமலா இருந்திருக்கும்?

குறைகள். பேக்லைட் 15 செகண்ட்ல அணைஞ்சுடுது, மாத்த வழியே இல்ல, டேஷ்போர்டுக்கு அடியில படுத்துட்டு பாக்குறவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். கூட வர்ற லீட் விறைப்பா இருக்கு, குளிர்ல இன்னும் மோசம், சிலிக்கான் லீட் தனியா வாங்கிட்டேன். முதலை கிளிப்பும் பின்பக்கம் சொருகுற பின்னும் பாக்ஸ்ல கிடையாது, அது இல்லாம இந்த மீட்டரோட பாதி உபயோகம் இல்ல, அதையும் சேர்த்து பட்ஜெட் போடுங்க. ரெக்கார்டிங் மோடுல இருக்குறப்போ மட்டும் ஆட்டோ ஆஃப் வேலை செய்யாது, மீட்டர் பாதில அணையாது, அந்தளவுக்கு யோசிச்சிருக்காங்க. பின்னாடி மேக்னெட் இல்ல, ஸ்டாண்டும் வண்டி குலுக்கலுக்கு நிக்காது.

பெரிய லிமிட் வேகம். இதோட ரெக்கார்டிங் 100 மில்லி செகண்டை விட குட்டியான டிராப்பைப் பிடிக்காது. பல்பு, முள்ளு, சொலினாய்ட், ரிலே, ஃப்யூயல் பம்ப் இதுக்கெல்லாம் இது தாராளம். கிராங்க் சென்சார், ஏபிஎஸ் சென்சார் விஷயம்னா கண் சிமிட்டுறதுக்குள்ள நடந்து முடிஞ்சிடும், 250 மைக்ரோ செகண்ட் பீக் பிடிக்கிற ஃப்ளூக் 87 வி ரக மீட்டரோ, வோல்ட் ஏறி இறங்குறதை படமா காட்டுற ஆசிலோஸ்கோப்போ வேணும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டி வச்சிருக்கவங்க அதுக்கு ஆசைப்பட வேண்டாம். ஒயரிங் டயக்ராம் இல்லாம எந்த மீட்டர் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லங்குறதையும் சேர்த்துக்கோங்க, எந்த வயர் எந்த கப்ளர் வழியா போகுதுன்னு தெரிஞ்சாதான் பின்னாடி பின்னாடி போக முடியும்.

5க்கு 4 குடுப்பேன். பேக்லைட்டுக்கு அரை, லீடுக்கு அரை கட்.

இப்போதைக்கு பாக்கி ஒண்ணு இருக்கு, மழை பெய்யுறப்போ மட்டும் வைப்பர் கண்ணாடி நடுவுல நின்னுடும், வெயில்ல தண்ணி ஊத்தி பார்த்தா ஒழுங்கா ஓடும். வைப்பர் மோட்டாருக்கு உள்ள, வைப்பரை ஓரத்துல கொண்டு போய் நிறுத்துற பார்க்கிங் கான்டாக்ட் மேல சந்தேகம், அந்த வயர்ல பின்னை சொருகி லீடை உள்ள இழுத்து கட்டி வச்சிருக்கேன். மழை வரட்டும், என்ன காட்டுதுன்னு கீழ சேர்க்குறேன்.